வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் போனில் கூப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாரம் முழுக்க ஊரார் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதுகிறவளுக்கு ஒரு நாளாவது தன் மூக்கைத் துடைத்துக்கொள்ள நேரம் வேண்டாமா? ஆனால் கூப்பிட்டது அக்கா. அவளிடம் மட்டும் நான் எரிந்து விழுவதில்லை. விழுந்தால் திருப்பிக் கத்த அவளிடம் குரல் இல்லை, அது நியாயமான சண்டையே இல்லை.

வகுப்பு வகுப்பாகக் கத்திக் கத்தி அக்காவின் தொண்டை ஆபரேஷனில் போய் நின்றது. இனிமேல் பாடம் நடத்தவே கூடாது, குரலை உயர்த்தவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்பிலிருந்து எடுத்து உதவித் தலைமையாசிரியை ஆக்கி, தனி அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்தார்கள். எல்லோரும் வாழ்த்தினார்கள். அவளும் சிரித்தாள்.

"டீ, கம்ப்யூட்டருக்குள்ள யாரோ கதவைத் தட்டுற மாதிரி இருக்குடி" என்றாள். பாதி வார்த்தை, பாதி காற்று.

"எப்படித் தட்டுது? தட்டிக் காட்டு."

போனின் மேல் நகத்தால் தட்டினாள். டிக், டிக். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி டிக், டிக். நான் கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"எதையும் தொடாதே. இதோ வரேன். முக்கியமா, மாமாவைத் தொட விடாதே!"

மாமா, அதாவது அக்காவின் கணவர், தங்கமான மனுஷர். பொத்தான், ஜிப், நூல்கண்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். ஆனால் ரிப்பேர் என்று எதையாவது பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது. நான் மாடியேறிப் போனபோது அவர் ஏற்கெனவே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"வாம்மா ஸ்க்ரூ! ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடலாமா? நீதானே எப்பவும் அதைச் சொல்லுவ?" என்றார். ஸ்க்ரூ என்பது அவர் எனக்கு வைத்த பேர். எனக்கு ஒரு ஸ்க்ரூ கழன்றிருக்கிறது என்பதும் அதில் அடக்கம்.

"மாமா, நீங்க அந்தச் சோபாவுல உட்காருங்க. கையைக் கட்டிக்கிட்டு."

கம்ப்யூட்டர் அறைக்குள் நுழைந்தால் பெட்டி தரையில் இருந்தது. அதன் மேல் நான்காக மடித்த போர்வை. தொட்டுப் பார்த்தேன், அடுப்பு மாதிரி கொதித்தது.

"என்னக்கா இது?"

"தூசி படக்கூடாதுன்னு நீதானே சொன்ன? தினமும் போர்த்தித்தான் விடுறேன்."

"ஆஃப் பண்ணிட்டா?"

"ஆஃப் பண்ணா திரும்ப வர ரொம்ப நேரம் ஆகுதேன்னு..."

கோபம் மூக்கு வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன். போர்வையை உருவி எறிந்து, பெட்டியின் மேல் காதை வைத்தேன். சந்தேகமே இல்லை, ஹார்டு டிஸ்க்தான். உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கும் ஒரு தட்டு தலைதெறிக்கச் சுற்றும். அதன் மேல், தொடாமல், முடியைவிட மெல்லிய இடைவெளியில் ஒரு சின்னக் கை மிதந்தபடி எழுதும், படிக்கும். அந்தக் கை தன் வரியைத் தேடுகிறது, கிடைக்காமல் திரும்பிப் போய்ச் சுவரில் முட்டுகிறது, மறுபடி தேடுகிறது. வெளியே கேட்கும் டிக் டிக் அதுதான். வெந்துபோன டிஸ்க் இனி தேறாது. எனக்கு இருபது டிஸ்க்குக்கு ஒன்றுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது, அதுவும் பாதி உயிரோடு.

"இதுல என்ன இருக்கு?" என்றேன்.

மாமாதான் சோபாவிலிருந்து கத்தினார். "டைம் டேபிள்! ஸ்கூல் டைம் டேபிள்! அதுக்காக ராப்பகலா உட்கார்ந்து இளைச்சே போயிட்டா உங்கக்கா!"

பள்ளிக்கூட டைம் டேபிள் போடுவது என்னவென்று போட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பில் நிற்கக் கூடாது, ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர் நிற்கக் கூடாது. இதற்கு மேல், முட்டிவலி கணக்கு சார் மாடியேற மாட்டார். விளையாட்டு சாருக்கு மதிய வெயில் ஆகாது. லேப் ஒன்று, நூலகம் ஒன்று. ஒருவரை நகர்த்தினால் ஒன்பது பேர் நகர வேண்டும். இதில் இந்த வருஷம் சின்ன டீச்சர் விஷயம் சேர்ந்துகொண்டது.

சின்ன டீச்சர் மொழிப்பாடம் எடுக்கிறவள். கைக்குழந்தைக்காரி. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் கடைசிப் பீரியட் மணி அடிக்கும் முன்னாலேயே கதவைச் சாத்திவிடுவார்கள். போன வருஷ டைம் டேபிளில் அவளுக்குத் தினமும் கடைசிப் பீரியட் வகுப்பு. அது மாறாவிட்டால் வேலையை விடுகிறேன் என்று எழுதிக்கூடக் கொடுத்துவிட்டாள். அக்கா அந்தக் காகிதத்தை வாங்கிக் கிழித்துப் போட்டு, "நான் போட்டுத் தரேன்" என்று வாக்குக் கொடுத்தாள். முடியவே முடியாது என்று சொன்ன முதல்வரம்மாவிடம் சவாலும் விட்டுவிட்டு வந்தாள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் புதியது வந்தால் அது, வராவிட்டால் பழையதே தொடரும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது.

"நேத்துதான்டி முழுசா முடிஞ்சுது" என்றாள் அக்கா. "ஒரு மோதல் கூட இல்லாம."

"சரி, வேற எங்கேயாவது காப்பி வச்சிருக்கியா?"

அவள் முகம் மலர்ந்தது. "வச்சிருக்கேனே! நாலு காப்பி!"

"எங்க?"

"இதுலதான். ஒரு ஃபோல்டர்ல ஒண்ணு. 'பத்திரம்'னு ஒரு ஃபோல்டர்ல ஒண்ணு. 'ரொம்பப் பத்திரம்'ல ரெண்டு."

நான் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். நாலும் ஒரே தட்டில்! வீடு எரிந்தால் என்ன, பீரோவில் நாலு தட்டில் பிரித்து வைத்திருக்கிறேனே என்கிற மாதிரி. திட்டுவதற்காக நிமிர்ந்தபோதுதான் திரை கண்ணில் பட்டது. அதில் ஒரு கட்டம் போட்ட பக்கம் திறந்தபடி இருந்தது. மேலே 'திங்கள்'. கீழே ஐந்து நாளுக்கும் ஐந்து சின்னத் தாவல்கள், தொட்டால் அந்தந்த நாளின் பக்கம் வரும்.

"அக்கா! இதுதானா அது? திறந்தே இருக்கா?"

"காலையில திரும்ப ஒரு தடவை பார்ப்போமேன்னு திறந்தேன். அப்பதான் தட்ட ஆரம்பிச்சுது."

நான் துள்ளி எழுந்தேன். டிஸ்க் செத்துவிட்டது, ஆனால் டைம் டேபிள் சாகவில்லை! திறந்த கோப்பு டிஸ்க்கில் வேலை செய்வதில்லை. திறக்கும்போதே அது மெமரிக்கு ஏறிவிடும். பிராசஸர் மெமரியில்தான் எடுத்துப் புரட்டும். ஐந்து நாளும், ஒவ்வொரு கட்டமும், இந்த நிமிஷம் அந்தப் பெட்டிக்குள் மின்சாரமாக நின்றுகொண்டிருந்தன.

"உயிரோட இருக்குக்கா! நம்ம கையை விட்டுப் போகலை!"

அக்கா என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். பென் டிரைவைச் செருகினேன். எதிர்பார்த்ததுதான், கண்டுகொள்ளவே இல்லை. புதிதாக எந்தச் சாமானோடு பேசவும் அதற்கான குறிப்பை மெஷின் டிஸ்க்கிலிருந்துதான் எடுத்துப் படிக்க வேண்டும். மெயில் அனுப்பவும் பிரிண்டரைக் கூப்பிடவும் அதே கதிதான். இனி டிஸ்க்கைக் கேட்கும்படி எதைச் செய்தாலும் மெஷின் பதிலுக்காகக் காத்து நின்று உறைந்துவிடலாம். திரையில் தெரிவதைப் படம் பிடிப்பது ஒன்றுதான் வழி. போனை எடுக்கப் பையைத் திறந்தேன். பையில் ஸ்க்ரூ டிரைவர்கள் கலகலத்தன.

அந்தச் சத்தம் மாமாவின் காதில் விழுந்தது. பெட்டியைக் கழற்றப் போகிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். "கழட்டுறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணணும்னு நீதானே சொல்லுவ, இரு!" என்று அவர் குரல் வாசலில் கேட்டது. நான் "வேண்டாம்" என்று வாயைத் திறப்பதற்குள் டப்பென்று ஒரு சத்தம்.

ஃபேன் நின்றது. திரை கறுத்தது. பெட்டியின் பக்கத்தில் இருந்த பழைய யு.பி.எஸ். கீக் கீக்கென்று அலற ஆரம்பித்தது.

"மாமா, ஆன் பண்ணுங்க! உடனே ஆன் பண்ணுங்க!"

மாமா மெதுவாக வந்தார். மெயின் சுவிட்சின் கைப்பிடி அவர் கையில் இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

"கழண்டு வந்துடுச்சும்மா."

திட்டுவதற்குக்கூட நேரமில்லை. நான் மண்டியிட்டுப் பெட்டியைத் தொட்டேன். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. திரை மட்டும்தான் நேராகச் சுவரில் செருகியிருந்தது, பெட்டி யு.பி.எஸ்ஸில்தான் இருந்தது. பேட்டரி தாங்கும்வரை தாங்கும். திரையையும் இதில் மாட்டினால் அந்தக் கிழட்டுப் பேட்டரி மூச்சு விடாமல் விழுந்துவிடும்.

"சரி, அப்ப ஒரு தடவை ஆஃப் பண்ணி..." என்று மாமா குற்ற உணர்ச்சியில் குனிந்து பெட்டியின் பட்டனுக்கு விரலை நீட்டினார்.

"தொடாதீங்க!"

கத்தியது நானில்லை. அக்கா. ஆபரேஷனுக்குப் பிறகு அவள் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. மாமாவின் விரல் அந்தரத்தில் நின்றது. அவளே பயந்துபோய்த் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, எதிர்வீட்டுல கரண்ட் இருக்கும். அவங்க மெயின் தனி" என்றேன். "ஓடுங்க. எக்ஸ்டென்ஷன் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"எதிர்வீட்டுலயா?" மாமாவின் முகம் சுருங்கியது.

எதிர்வீட்டில் இருப்பது பல் டாக்டர். படிக்கட்டு முகப்பில் அவர் செருப்பு அலமாரி வைத்த நாளிலிருந்து மாமாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பல்வலி வந்தபோதுகூட மாமா பஸ் ஏறி வேறு டாக்டரிடம் போனார். கீக் கீக். யு.பி.எஸ். இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தது. மாமா அக்காவைப் பார்த்தார். அவள் தொண்டையிலிருந்து கையை எடுக்கவே இல்லை. மாமா ஓடினார். அந்த உடம்போடு அவர் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் மாமாவின் குரல். "டாக்டர், உங்க செருப்பு அலமாரி அங்கயே இருக்கட்டும், ஒரு பிளக் பாயின்ட் குடுங்க!"

நல்லவேளை, டாக்டர் காரணம் கேட்டு நிற்கிற ரகமில்லை. தன் வீட்டு வயரை இழுத்துக்கொண்டே வந்தார். அது எங்கள் வாசல்படியோடு நின்றுபோனது. மாமா தையல் மெஷினுக்குப் போட்டிருந்த எக்ஸ்டென்ஷனை உருவி வந்து அதோடு சேர்த்தார். இன்னும் ஒரு முழம் குறைந்தது. டாக்டர் திரும்ப ஓடி மிக்ஸிக்குப் போட்டிருந்ததையும் பிடுங்கி வந்தார். யு.பி.எஸ். இப்போது விடாமல் ஒரே நீளமாக ஊளையிட்டது. நான் அதன் பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தரையில் படுத்தே கிடந்தேன். மாமா வயரின் முனையை உருட்டி விட்டார், பிடித்தேன், செருகினேன்.

ஊளை நின்றது. பச்சை விளக்கு எரிந்தது.

திரையின் பிளக்கையும் மாட்டினேன். ஒரு நொடி கறுப்பு. அப்புறம் அதே கட்டம் போட்ட பக்கம், 'திங்கள்', ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல் வந்து நின்றது. மாமா டாக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிறகுதான் யாரைக் கட்டிப்பிடித்திருக்கிறோம் என்று உறைத்து, மெதுவாக விட்டார்.

"இவ்வளவு பாடுபடறதுக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்ணியிருக்கலாமே?" என்றார் டாக்டர், மூச்சு வாங்க.

ஊரே இதைத்தான் சொல்கிறது, நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். "டாக்டர், மெமரிங்கறது கோடிக்கணக்கான ஓட்டைக் கிண்ணம். தண்ணி இருந்தா ஒண்ணு, இல்லேன்னா பூஜ்யம். எல்லாம் ஒழுகிக்கிட்டே இருக்கும். மெஷின் ஒரு நொடியில பல தடவை சுத்தி வந்து, எது காலி ஆகப்போகுதோ அதைத் திரும்ப நிரப்பிக்கிட்டே இருக்கும். கரண்ட் போனா நிரப்ப ஆள் இல்ல. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள எல்லாக் கிண்ணமும் காலி."

"அப்ப இவ்வளவு நேரமும் நிரப்பிக்கிட்டேவா இருந்துச்சு?" என்று அவர் பெட்டியை மரியாதையோடு பார்த்தார். நான் போனைத் திரைக்கு நேராகப் பிடித்ததும் தடுத்தார். "சரி, போட்டோவுக்கு உங்க போன் வேண்டாம். நான் தினமும் பல்லைப் படம் எடுக்கறவன்." ஓடிப்போய்த் தன் கேமராவையும் ஒரு சின்ன ஸ்டாண்டையும் கொண்டு வந்தார்.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டோம். திங்கள், கிளிக். நான் மவுஸை மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தி, 'செவ்வாய்' தாவலைத் தொட்டேன். வந்தது! கிளிக். புதன் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. கிளிக். வியாழனுக்கு ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மாமா ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார், நான் அவரை முறைத்தேன். வந்துவிட்டது. கிளிக்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன். 'வெள்ளி'யைத் தொட்டேன்.

திரை முழுக்க நீலமாகிவிட்டது. ஏதோ ஒரு சின்னத் தேவைக்கு மெஷின் டிஸ்க்கைக் கேட்டிருக்கிறது, பதில் வரவில்லை, கையை விரித்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்து, தானாகவே எழுந்து, 'டிஸ்க் இல்லை' என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. கிண்ணங்கள் எல்லாம் காலி.

எனக்கு அழுகையே வந்தது. பாழாய்ப்போன மெஷின், இன்னும் ஒரு கிளிக்குக்குப் பொறுத்திருக்கக் கூடாதா?

"வெள்ளிக்கிழமை எப்படிப் போட்டேன்னு ஞாபகம் இருக்காக்கா?"

"நூறு தடவை மாத்தியிருப்பேன்டி. எது கடைசியா நின்னுதுன்னு..." அவள் உதட்டைக் கடித்தாள். சொல்ல வந்த ஏதோ ஒன்றை விழுங்கிக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது. தொண்டை வலிக்கிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

டாக்டர் தன் கேமராவில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏழு பி-க்கு வாரத்துல எத்தனை கணக்குப் பீரியட்?" என்று கேட்டார்.

"ஆறு" என்றாள் அக்கா.

"இந்த நாலு நாள்ல அஞ்சுதான் இருக்கு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"அப்ப ஆறாவது வெள்ளிக்கிழமை! வேற எங்கே போகும்? டாக்டர், நீங்க பல் டாக்டரே இல்ல! அக்கா, பெரிய பெரிய கம்பெனியில இப்படித்தான் பண்ணுவாங்க. அஞ்சு டிஸ்க்குல பிரிச்சு வைப்பாங்க, மொத்தக் கணக்கும் கூடவே இருக்கும். ஒரு டிஸ்க் செத்தா மீதி நாலையும் கேட்டா, செத்தது என்ன சொல்லிக்கிட்டிருந்துச்சுன்னு தெரிஞ்சுடும். வெள்ளிக்கிழமை போகலை, அது மத்த நாலு நாளுக்குள்ளதான் இருக்கு!"

"ஆனா மெஷின் இல்லையே" என்றார் மாமா.

"நாமதான் மெஷின். பொத்தான் டப்பாவை எடுத்துட்டு வாங்க!"

ஹாலில் இருந்த நாற்காலி, மேசை எல்லாவற்றையும் சுவரோரம் தள்ளினோம். சதுரச் சதுரமாக வெள்ளை டைல் பதித்த தரைதான் இனி வெள்ளிக்கிழமை. ஒரு வகுப்புக்கு ஒரு வரிசை, ஒரு பீரியடுக்கு ஒரு டைல். சாக்பீஸால் ஓரத்தில் வகுப்பின் பேரை எழுதினேன். மாமா பொத்தான் டப்பாக்களைக் கொண்டுவந்து பரப்பினார். ஒவ்வொரு ஆசிரியருக்கும் ஒரு நிறம். கணக்கு சாருக்குக் கறுப்புக் கோட்டுப் பொத்தான். சின்ன டீச்சருக்கு மாமாவே தேடி எடுத்து, குழந்தைச் சட்டைக்குப் போடும் வாத்துப் பொத்தான் வைத்தார். அக்காவும் டப்பாவில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள்.

வேலை ஆரம்பித்தது. டாக்டர் கேமராவையும் அக்கா எழுதித் தந்த வாரக் கணக்கையும் வைத்துக்கொண்டு பாக்கியைப் படித்துச் சொல்ல வேண்டும், அவர்தான் எங்கள் டிஸ்க். தரை மெமரி. மாமா ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொத்தானைத்தான் கையில் வைத்திருக்க வேண்டும், அதற்கு மேல் பிராசஸர் கையில் இடம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவர் வைக்கும் டைலிலிருந்து மேலும் கீழும் கண்ணை ஓட்டி, அதே நிறம் இருந்தால் "மோதல்!" என்று கத்துவது என் வேலை. அக்காவின் தலையில்தான் சட்டதிட்டம் எல்லாம். கத்த வேண்டியதில்லை, சரி என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொடுத்தோம்.

"ஒன்பது ஏ, அறிவியல் ஒண்ணு பாக்கி!"

"மூணாவது பீரியட்ல வைங்க மாமா." மாமா வைத்ததும் மேலும் கீழும் பார்த்தேன்.

"மோதல்! பத்து பி-யில அதே பச்சை!"

"அப்ப நாலுல."

டங்.

"எட்டு ஏ, கணக்கு ஒண்ணு பாக்கி!"

டங் டங். எட்டு ஏ மாடியில் இருக்கும் பீரியடில் வைத்துக் கணக்கு சாரை மாடியேற்றப் பார்த்திருக்கிறோம். கீழே இறக்கினோம். அவர் இறங்கியதும் விளையாட்டு சார் வெயிலுக்குப் போனார். அவரைக் காலைக்குத் தள்ளினால் லேப் முட்டியது. மாமா வியர்க்க வியர்க்கக் குனிந்து நிமிர்ந்தார். ஒரு தடவை அவர் கால் பட்டு ஆறாம் வகுப்பு மொத்தமும் சோபாவுக்கு அடியில் ஓடியது. "மெமரி எரர்!" என்று டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நல்லவேளை, அவரிடம் படம் இருந்தது, திரும்ப எண்ணி எடுத்தோம். மெஷின் ஒரு நொடியில் கோடித் தடவை செய்வதை நாங்கள் நாலு பேர் முட்டி தேயச் செய்துகொண்டிருந்தோம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. இத்தனை வருஷம் திறந்து மூடிய பெட்டிக்குள் நானே புகுந்து ஓடிக்கொண்டிருப்பது போல் இருந்தது.

வரிசைகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. ஆறு நிறைந்தது, எட்டு நிறைந்தது, ஒன்பதும் பத்தும் நிறைந்தன. ஏழு பி-யில் மட்டும் ஒரு டைல் காலியாக இருந்தது. கடைசிப் பீரியட்.

"என்ன பாக்கி டாக்டர்?"

"நூலகம். வாரத்துக்கு ஒண்ணு, நாலு நாள்லயும் வரலை."

"நூலகத்துக்கு யாரு?"

"மொழிப்பாட டீச்சர். அதாவது..." டாக்டர் நிறுத்தினார். மாமாவின் கையில் வாத்துப் பொத்தான் இருந்தது.

"அவ கூடாது" என்றேன். "கடைசிப் பீரியட் அவ கூடவே கூடாது. நூலகத்தை வேற பீரியடுக்கு மாத்துங்க."

டங் டங். நூலக அறை ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மற்ற பீரியட் எல்லாவற்றிலும் வேறு வகுப்புகள் அங்கே உட்கார்ந்திருந்தன. சரி, வேறு ஆள்? கடைசிப் பீரியட் வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு நிறமாகப் பார்த்தேன். எல்லோரும் எங்கேயோ நின்றுகொண்டிருந்தார்கள். டப்பாவில் மிச்சம் ஒருவருமில்லை. மாமா வாத்துப் பொத்தானை விரல்களுக்கு இடையில் உருட்டிக்கொண்டே நின்றார், அதைக் கீழே வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"இது ஆகாதுக்கா" என்றேன். "எங்கேயோ தப்புப் பண்ணிட்டோம். நேத்து நீ ஒரு மோதல் கூட இல்லாம முடிச்சேன்னு சொன்னியே! நாலு நாள் சொல்ற கணக்குப் பொய் சொல்லாது. இங்கே ஒரு ஆள் இருந்தே ஆகணும். நம்ம லிஸ்ட்ல இல்லாத ஒரு ஆள்."

அக்கா கரண்டியைத் தட்டில் வைத்தாள். தன் இடது கையைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு முத்துச் சிப்பிப் பொத்தான் இருந்தது. இவ்வளவு நேரமும் அதை இறுக்கியே வைத்திருந்தாள், உள்ளங்கையில் வட்டமாக அச்சு விழுந்திருந்தது. குனிந்து அந்தக் காலி டைலில் அதை வைத்தாள்.

"யாரு அது?" என்றார் மாமா.

"நான்."

மாமாவின் முகம் சிவந்தது. "உனக்கென்ன பைத்தியமா? கிளாஸே எடுக்கக் கூடாதுன்னு உன் தொண்டை டாக்டர் சொல்லலையா? அந்தத் தொண்டையை வச்சுக்கிட்டு... அவ குழந்தைக்காக நீ உன்னைக் கெடுத்துக்கணுமா?"

"அவளுக்காக இல்லைங்க."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்தாள். நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தோம், அவ்வளவு மெதுவாகப் பேசினாள்.

"நூலகப் பீரியட்ல யாரும் பேசக் கூடாது. பிள்ளைங்க படிக்கும். நான் சும்மா உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தாப் போதும். வாரத்துல ஒரு தடவை. இத்தனை பேருக்கும் கேட்டது எல்லாம் போட்டுக் குடுத்தேன், எனக்குன்னு எடுத்துக்கிட்டது இது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை முழுசும் மறந்துபோச்சு. இது மட்டும் மறக்கலை. சொன்னா நீங்க வேண்டாம்பீங்கன்னுதான் வாயைத் திறக்கலை."

அவள் அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தபோது நானும்தான் கைதட்டினேன். பைத்தியக்காரி, நான்தான். என் அக்கா ஒரு வகுப்புக்காக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறாள், தினமும் போனில் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அது கேட்கவே இல்லை.

மாமா குனிந்து அந்தப் பொத்தானை டைலின் நடுவில் சரியாக நகர்த்தி வைத்தார். பிறகு கையிலிருந்த வாத்தைச் சட்டைப் பையில் போட்டார். "ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்றார் கடுமையாக. "தட்டும் கரண்டியும் எடுத்துட்டுப் போ."

டாக்டர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும்.

படங்களையும் தரையையும் பார்த்துப் பார்த்து என் லேப்டாப்பில் ஐந்து நாளையும் ஏற்றினேன். வெயில் சாய்வதற்குள் முதல்வரம்மாவுக்குப் போய்விட்டது. 'ஒரு மோதல்கூட இல்லை, எப்படி?' என்று பதில் வந்தது. சின்ன டீச்சர் போன் செய்தாள், பின்னால் குழந்தை கத்திக்கொண்டிருந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்தே என்ன சொல்கிறாள் என்று தெரிந்துவிட்டது.

"காப்பி எங்கே எல்லாம் வைக்கட்டும்?" என்று கேட்டேன்.

"நாலு இடத்துல" என்றாள் அக்கா. "நாலும் வேற வேற வீட்டுல."

மாமா முட்டி போட்டுக்கொண்டு பொத்தான்களைப் பொறுக்கி, நிறம் நிறமாக டப்பாக்களில் போட்டார். டாக்டரும் கூடவே பொறுக்கினார். ஏழு பி வரிசைக்கு வந்ததும் முத்துச் சிப்பிப் பொத்தானிடம் டாக்டரின் கை நீண்டது. மாமா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது அங்கயே இருக்கட்டும் டாக்டர்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை மணி அடித்து அக்கா வீடு திரும்பும்வரை, அந்த வீட்டில் எல்லோரும் அந்த டைலைச் சுற்றித்தான் நடந்தார்கள்.